உரைக்கோப்பு நிரல் பயிற்சிகள்: உதவி கேட்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியவர்களுடன் உட்கார்ந்து அவர்களுடைய பயிற்சிகளைப் பார்க்கும் வழக்கம் எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதுபவர்கள், அவிநாசி, பல்லடம் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எனப் பலரும் வருகிறார்கள். உரைக்கோப்பு ஒன்றைத் திறந்து, வரிவரியாகப் படித்து, கணக்கிட்டு, விடையை வேறொரு கோப்பில் எழுதும் பயிற்சியில்தான் அவர்களில் பெரும்பாலோர் முதன்முதலாகத் தடுக்கி விழுகிறார்கள். நேரிலும் வாட்ஸ்அப்பிலும் வாரம் தவறாமல் வரும் கேள்விகளை, ஒவ்வொருவருக்கும் புதிதாக விடை எழுதுவதைத் தவிர்க்க, இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன். கட்டளைச் சொற்களை ஒலிப்படி தமிழில் தந்துள்ளேன். தட்டச்சு செய்யும்போது பாடநூலில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் இட வேண்டும்.

எந்த வகைப் பயிற்சிகளுக்கு இந்தப் பக்கம் உதவும்?

வரிகளை எண்ணுதல், ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தல், காற்புள்ளியால் பிரிந்த பத்திகளை (நெடுவரிசைகளை) கூட்டுதல், குறிப்பிட்ட வரிகளை மட்டும் வேறொரு கோப்புக்கு எடுத்தல் ஆகியவற்றுக்கு உதவும். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில், மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்புகளுக்குத் தனி அத்தியாயமே இருப்பதால், பள்ளிப் பிள்ளைகளின் கேள்விகளும் பெரும்பாலும் இவற்றுக்குள் அடங்கிவிடும்.

பக்கம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். காங்கேயம் பக்கத்தில் ஓர் ஊரின் பால் சொசைட்டியில் உறுப்பினர் எண், வேளை, ஊற்றிய லிட்டர் ஆகிய மூன்றையும் ஒரு கோப்பில் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். பயிற்சிக்காக நானே எழுதிய கோப்பு இது, நான்கு வரிகள்தான்.

07,காலை,6.5
12,காலை,8
7,மாலை,5
12,மாலை,7.5

ஒவ்வோர் உறுப்பினரும் அன்று ஊற்றிய மொத்தப் பாலைக் கணக்கிட வேண்டும் என்பதே பயிற்சி.

உதவி கேட்கும்போது எவற்றையெல்லாம் அனுப்ப வேண்டும்?

எனக்கு வரும் செய்திகளில் பாதி இப்படித்தான் இருக்கும்: "அண்ணா, ரன் பண்ணினா எர்ரர் வருதுங்க, என்ன பண்றதுங்க?" கேட்பவர் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், இதற்கு விடை சொல்ல என்னால் முடியாது. மருத்துவரிடம் போய் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருவதைப் போன்றது அது.

முதலில் பயிற்சியின் கேள்வியை உங்கள் சொற்களில் சுருக்காமல், ஆசிரியரோ நூலோ கொடுத்தபடியே அனுப்புங்கள். நீங்கள் சுருக்கும்போது விட்டுவிடும் ஒரு சொல்லில்தான் பல நேரங்களில் சிக்கல் இருக்கும். அடுத்து நிரல் முழுவதும் வேண்டும். பிழைச் செய்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வெட்டி ஒட்டுங்கள். என்ன விடை வர வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் சரியாக அனுப்புபவர்களும் மறந்துவிடுவது ஒன்று உண்டு: கோப்பிலுள்ள வரிகள். "பால் கணக்குக் கோப்புங்க, மூணு பத்தி இருக்குதுங்க" என்று விவரிப்பது போதாது. உண்மையான வரிகளே வேண்டும். மேலே உள்ள நான்கு வரிகளை மீண்டும் பாருங்கள். ஒரே உறுப்பினரின் எண் காலையில் 07 என்றும் மாலையில் 7 என்றும் பதிவாகியிருக்கிறது. நிரலுக்கு இவை இரண்டும் வெவ்வேறு சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) என்பதால், இரண்டு உறுப்பினர்களுக்கு மூன்று மொத்தங்கள் வரும். நிரலை எத்தனை முறை படித்தாலும் இந்தத் தவறு அகப்படாது, ஏனெனில் அது நிரலில் இல்லை, கோப்பில் இருக்கிறது. என் அனுபவத்தில் தொடக்கநிலைச் சிக்கல்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான்.

திரையைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பலாமா?

வேண்டாம். சாய்ந்தும் மங்கியும் வரும் படத்தில் காற்புள்ளியா முற்றுப்புள்ளியா என்று தெரியாது. இடைவெளி டேப்பா வெறும் இடைவெளியா என்பது அறவே தெரியாது. என் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் முழுவதையும் நான் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

நிரலை வாட்ஸ்அப் செய்தியாக ஒட்டுவதிலும் ஒரு தொல்லை உண்டு. இரண்டு உடுக்குறிகளுக்கு (*) நடுவில் உள்ளதை வாட்ஸ்அப் தடித்த எழுத்தாக்கும். அடிக்கோடுகளுக்கு நடுவில் உள்ளதைச் சாய்வெழுத்தாக்கும். பெருக்கல் குறியும் அடிக்கோடும் நிறைந்த நிரல் அப்படி வந்தால், குறிகள் மறைந்து வேறு நிரலாகத் தெரியும். ஆகவே நிரல் கோப்பையும் மாதிரி உரைக்கோப்பையும் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

என் கோப்பில் 4,000 வரிகள் உள்ளன. அப்படியே அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். கோப்பைப் பாதியாக வெட்டி, முதல் பாதியுடன் நிரலை ஓட்டுங்கள். பிழை வந்தால் அந்தப் பாதியையும், வராவிட்டால் மற்றப் பாதியையும் வைத்துக்கொண்டு மறுபடி வெட்டுங்கள். 4,000 வரிகளாக இருந்தாலும் ஏறத்தாழ 12 முறை வெட்டினால் ஒற்றை வரிக்கு வந்துவிடலாம். ஒரு வரியில் மட்டும் கோளாறு இருந்தால், அந்த வரியைப் பார்த்த உடனே பலருக்கு விடை தெரிந்துவிடுகிறது. என்னிடம் கேட்க வேண்டிய தேவையே இருப்பதில்லை. மூலக் கோப்பை வெட்டாமல் அதன் படியை வெட்ட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன், சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் வேலை செய்யும் இடத்துக் கூலிப் பட்டியலில் ஆட்களின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைபேசி எண் எல்லாம் இருக்கும். அவை எனக்கு வேண்டாம். எவருக்கும் அனுப்பக் கூடியவையும் அல்ல. பெயர்களையும் எண்களையும் மாற்றி, பிழை மட்டும் அப்படியே வரும்படி ஐந்து வரிகளில் ஒரு மாதிரிக் கோப்பு செய்யுங்கள்.

பிழைச் செய்தி பத்து வரி வருகிறது. எங்கிருந்து படிப்பது?

கீழிருந்து. கடைசி வரி என்ன நடந்தது என்று சொல்லும். அதற்கு மேலே உள்ள வரிகள் எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் நடந்தது என்று சொல்லும். "லிஸ்ட் இன்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று வந்தால், மூன்று பத்திகள் இருக்கும் என்று நீங்கள் நம்பிய ஒரு வரியில் மூன்று இல்லை என்று பொருள். பெரும்பாலும் அது கோப்பின் கடைசியில் யாரோ என்டர் தட்டி விட்டுச் சென்ற வெற்று வரியாக இருக்கும். வெற்று வரியைக் காற்புள்ளியில் பிரித்தால் ஒரே ஓர் உறுப்புதான் கிடைக்கும். மூன்றாவதைக் கேட்டால் பைத்தான் எங்கே போகும்? வரியை ஸ்ட்ரிப் செய்து (இரு முனைகளிலும் உள்ள வெற்றிடங்களை நீக்கி), அது வெற்றாக இருந்தால் கன்டினியூ கொடுத்துத் தாண்டிவிடுங்கள்.

செய்தியின் ஆங்கிலத்தை நீங்கள் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டாம். கேள்வி தமிழில் இருக்கலாம், பேச்சு வழக்கிலேயே இருக்கலாம்; பிழைச் செய்தி மட்டும் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும்.

கோப்பு கண்ணெதிரே இருக்கிறது; ஆனால் இல்லை என்று பைத்தான் சொல்கிறதே?

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, நிரல் எந்த அடைவிலிருந்து (ஃபோல்டரிலிருந்து) ஓடுகிறது என்பது. வெறும் பெயரைக் கொடுத்தால், பைத்தான் நடப்பு அடைவில்தான் தேடும். நிரல் இருக்கும் அடைவும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓஎஸ் கூறுநிரலின் (மாட்யூலின்) கெட்சிடபிள்யூடி செயற்கூற்றை (ஃபங்ஷனை) அச்சிட்டுப் பார்த்தால் அது எந்த அடைவு என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்து வைக்கும் வழக்கம். நீங்கள் பெயரின் முடிவில் டிஎக்ஸ்டி என்று தட்டியிருப்பீர்கள். ஏற்கெனவே மறைந்திருக்கும் பின்னொட்டுடன் சேர்ந்து அது இரண்டு முறை டிஎக்ஸ்டி கொண்ட பெயராக மாறியிருக்கும்.

மூன்றாவது, பின்சாய்கோடு. பைத்தான் சரத்துக்குள் பின்சாய்கோட்டை அடுத்து சிறிய டி வந்தால் அது டேப்; சிறிய என் வந்தால் அது புதிய வரி. நம் ஊர்க்காரர்கள் அடைவுக்குத் திருப்பூர் என்றோ நூல் என்றோ ஆங்கிலச் சிறிய எழுத்தில் பெயர் வைத்து, பாதையைப் பின்சாய்கோட்டுடன் எழுதினால், ஒன்று டேப்பாகவும் மற்றொன்று புதிய வரியாகவும் மாறிவிடும். முன்சாய்கோட்டைப் பயன்படுத்துங்கள், விண்டோஸிலும் அது வேலை செய்யும். இல்லாவிட்டால் மேற்கோள் குறிக்கு முன்னால் ஆர் எழுத்தை இடுங்கள்.

பிழையே வரவில்லை, ஆனால் விடை தவறு. ஏன்?

பிழைச் செய்தி வந்தால் அதையாவது பிடித்துக்கொண்டு தேடலாம். இதற்கு அதுவும் இல்லை. மேலே உள்ள பால் கோப்பை எடுத்து, டிக்ஷனரியில் (ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பை வைக்கும் அமைப்பில்) உறுப்பினர் எண்ணைச் சாவியாக வைத்து, லிட்டரைக் கூட்டிக்கொண்டே போகும் நிரலை ஒரு மாணவி எழுதிக் கொண்டுவந்தார். 12ஆம் எண் உறுப்பினருக்கு 87.5 லிட்டர் என்று வந்தது. காலையில் 8, மாலையில் 7.5, ஆக 15.5 வர வேண்டும். அவர் நிரலைப் பலமுறை சரிபார்த்துவிட்டு, கோப்பில் எங்கோ அதிகப்படியான வரி இருக்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

உண்மையில் நடந்தது வேறு. கோப்பிலிருந்து வரும் எதுவும் பைத்தானுக்குச் சரம்தான். 8 என்பது எண் அன்று, 8 என்ற எழுத்து. சரங்களுக்கு நடுவில் கூட்டல் குறி இட்டால் அவை ஒட்டிக்கொள்ளும். ஆகவே 8 என்பதன் பின்னால் 7.5 ஒட்டி 87.5 ஆகிவிட்டது. 07 என்ற உறுப்பினரும் 7 என்ற உறுப்பினரும் ஒருவரே என்று சரிசெய்திருந்தால், அவருக்கு 11.5க்குப் பதிலாக 6.55 வந்திருக்கும். இரண்டுமே பார்வைக்கு நியாயமான எண்கள் என்பதுதான் வேடிக்கை. பெரிய பண்ணை வைத்திருப்பவர் 87.5 லிட்டர் ஊற்றுவார் என்று எவரும் நம்பிவிடுவார்கள்.

கூட்டுவதற்கு முன் ஃப்ளோட் செயற்கூற்றால் எண்ணாக மாற்றுங்கள். உறுப்பினர் எண்ணை இன்ட் கொண்டு மாற்றினால் 07, 7 சிக்கலும் அதிலேயே தீரும். அதைவிட முக்கியமாக, நிரலை ஓட்டுவதற்கு முன்பே நான்கு வரிக் கோப்புக்கு விடையைத் தாளில் போட்டு வையுங்கள். நான்கு வரிகளின் மொத்தம் 27 லிட்டர். நிரல் தரும் மொத்தங்களைக் கூட்டினால் 27 வராவிட்டால் ஏதோ சரியில்லை.

0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. கோப்பில் தவறா?

இல்லை. கணினி தசம பின்னங்களை இரும எண்ணில் வைத்திருப்பதால் வரும் நுண்ணிய வேறுபாடு அது. லிட்டர் கணக்கில் ரவுண்ட் செய்து அச்சிட்டால் போதும். கூலிக் கணக்காக இருந்தால் ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாகவே கூட்டுங்கள்.

இரண்டு சொற்களும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. ஒப்பிட்டால் இல்லை என்கிறது. எப்படி?

அச்சிட்டுப் பார்ப்பதால் இது தெரியாது. பிரின்ட் செய்யும்போது சரத்தை அப்படியே கொடுக்காமல், ரெப்பர் என்ற செயற்கூற்றுக்குள் போட்டு அச்சிடுங்கள். அப்போது சரத்தின் இரு எல்லைகளிலும் மேற்கோள் குறி தெரியும். நடுவில் ஒளிந்திருப்பவையும் வெளிப்படும். உதவி கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

பெரும்பாலும் ஒளிந்திருப்பது வரி முடிவுக் குறி. பால் கோப்பில் வேளை என்ற பத்தி கடைசியில் இருந்திருந்தால், நிரல் படிப்பது "மாலை" என்பதை அன்று, மாலையும் அதனுடன் ஒட்டிய புதிய வரிக் குறியையும். ஃப்ளோட் செயற்கூறு எண்ணைச் சுற்றியுள்ள இத்தகைய வெற்றிடங்களைத் தானே உதறிவிடும் என்பதால், எண் பத்தி கடைசியில் இருக்கும்வரை சிக்கல் வெளியே தெரியாது. சொல் கடைசிக்கு வந்த அன்று ஒப்பீடு பொய்க்கும். வரியை ஸ்ட்ரிப் செய்த பிறகே பிரியுங்கள். அச்சிடும்போது வரிகளுக்கு நடுவில் ஒரு வெற்று வரி கூடுதலாக வருவதற்கும் இதே குறிதான் காரணம்.

முதல் வரியில் மட்டும் கோளாறு என்றால், கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற குறி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது பிஓஎம் உடன் கூடிய யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதியும் ஒரு முறை, அதாவது என்கோடிங்) என்று தேர்ந்தெடுத்தால், மூன்று பைட்டுகள் கோப்பின் முன்னால் சேரும். 2019இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 நோட்பேடின் இயல்பு வடிவமாகிவிட்டாலும், பழைய கோப்புகளும் எக்செல்லில் இருந்து வரும் கோப்புகளும் இக்குறியைச் சுமந்து வருகின்றன. நம் எடுத்துக்காட்டில் 07 என்ற முதல் உறுப்பினரை இன்ட் கொண்டு மாற்ற முயலும்போது நிரல் நின்றுவிடும். மற்ற எவருக்கும் ஒன்றும் ஆகாது. திறக்கும்போது என்கோடிங் மதிப்பாக யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் குறி நீங்கிவிடும்.

தமிழுக்கே உரிய ஒன்றும் உண்டு. "கோவை" என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டி இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ரெப்பரும் இதைக் காட்டிக் கொடுக்காது. லென் செயற்கூற்றால் நீளத்தை அளந்தால் ஒன்றுக்கு 4, மற்றொன்றுக்கு 5 என்று வரும். யூனிகோடுடேட்டா கூறுநிரலின் நார்மலைஸ் செயற்கூற்றுக்கு என்எஃப்சி என்று கொடுத்து இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள்.

தமிழ் எழுத்துள்ள கோப்பைப் படித்தால் குப்பையாக வருகிறது, அல்லது "சார்மேப்" என்ற பிழை வருகிறது. ஏன்?

என்கோடிங் மதிப்பைக் குறிப்பிடாமல் கோப்பைத் திறந்திருப்பீர்கள். விண்டோஸில் பலரும் பயன்படுத்தும் பைத்தான் பதிப்புகள், அப்போது கணினியின் பழைய ஐரோப்பிய எழுத்துப் பட்டியலைக் கொண்டு படிக்க முயலும். அந்தப் பட்டியலில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. யூடிஎஃப்-8இலோ ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். ஆகவே ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று அந்நிய எழுத்துகளாகச் சிதறும்.

ஒரே நிரலில் சில கோப்புகளுக்குப் பிழை வந்து சிலவற்றுக்கு வராமல் இருப்பதற்கான காரணம் சுவையானது. 129, 141 உள்ளிட்ட ஐந்து பைட் மதிப்புகளுக்கு அந்த ஐரோப்பியப் பட்டியலில் எழுத்தே இல்லை. நம் மெய்யெழுத்தின் புள்ளி 141இல் முடிகிறது. உகரக் குறி 129இல் முடிகிறது. "காலை", "மாலை" என்ற சொற்களில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. அதனால் பால் கோப்பு பிழையின்றித் திறக்கும். உள்ளே வருவது குப்பை என்பதால் வேளை காலையா என்ற ஒப்பீடு ஒருமுறைகூட உண்மையாகாது, காலைப் பால் பூஜ்யம் லிட்டர் என்று நிரல் அமைதியாகச் சொல்லும். அதே கோப்பின் அடியில் "மொத்தம்" என்றோ "ஈரோடு" என்றோ ஒரு சொல் சேர்ந்த உடனே நிரல் பிழை காட்டி நின்றுவிடும். சேர்த்த சொல்லின் மேல் பழி போடாதீர்கள். முதலிலிருந்தே தவறாகத்தான் படித்துக்கொண்டிருந்தது. படிக்கும்போதும் எழுதும்போதும் என்கோடிங் மதிப்பாக யூடிஎஃப்-8 என்று எப்போதும் கொடுங்கள்.

கோப்பு சரியாகப் படிக்கப்பட்டும் கருப்புத் திரையில் எழுத்துகள் உடைந்தோ கட்டமாகவோ தெரிந்தால், அது திரையின் குறை. விடையை ஒரு கோப்பில் எழுதி நோட்பேடில் திறந்து பாருங்கள். பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய கோப்பு என்றால் கதை வேறு. அதில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே, எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வேடம் போடுகிறது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

"ஈரோடு" என்ற சொல்லுக்கு லென் 5 என்கிறதே? மூன்றெழுத்துதானே?

நமக்கு மூன்று, யூனிகோடுக்கு ஈ, ர, ஓகாரக் குறி, ட, உகரக் குறி என ஐந்து. கோப்பில் இடம்பிடிப்பதோ 15 பைட்டுகள். எழுத்துகளை எண்ணும் பயிற்சியில், யூனிகோடுடேட்டா கூறுநிரலின் கேட்டகரி செயற்கூறு எம் என்ற எழுத்தில் தொடங்கும் விடையைத் தரும் குறிகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால் நம் கணக்கு வந்துவிடும். "கோயம்புத்தூர்" என்பதில் 13 குறிகள், 7 எழுத்துகள். உங்கள் நிரலை அதில் சோதித்துப் பாருங்கள். ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நிரலகம் இதை ஆயத்தமாகச் செய்து தருகிறது என்றாலும், பயிற்சிக்கு ஒருமுறை நீங்களே எழுதுவது நல்லது.

ஊர்ப் பெயர்களை வரிசைப்படுத்தினால் பவானிக்கு முன்னால் பழனி வருகிறது. சரியா?

தமிழ் அகராதி முறைப்படி தவறு. நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது முறை. வகரத்துக்குப் பின்னரே ழகரம். யூனிகோடு அட்டவணையிலோ ல, ள, ழ, வ என்று அடுக்கியிருக்கிறார்கள். சார்ட்டட் செயற்கூறு அந்த எண்களைத்தான் ஒப்பிடும். புள்ளி வைத்த எழுத்தும் நம் முறையில் அகரம் ஏறிய எழுத்துக்கு முன்னால் வர வேண்டியது, அங்கே ஔகாரக் குறி ஏறியதற்கும் பின்னால் போய்விடும். நெடுங்கணக்கை ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் இடத்தைத் தரும் செயற்கூற்றை உருவாக்கி, அதைச் சார்ட்டட்டின் கீ மதிப்பாகக் கொடுங்கள். தொடக்கநிலைக்குச் சற்றுக் கடினம்தான்; ஆனால் இதை முடித்தவர்கள் டிக்ஷனரியை நன்றாகக் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

எண்களிலும் இதே நிலை வரும். சரமாகவே வரிசைப்படுத்தினால் 100, 20, 9 என்று வரும், எண்ணாக மாற்றுங்கள்.

நிரலை ஒருமுறை ஓட்டியதும் என் கோப்பு காலியாகிவிட்டது. மீட்க முடியுமா?

படி எடுத்து வைத்திருந்தால் மட்டும் முடியும். டபிள்யூ முறையில் ஒரு கோப்பைத் திறந்தால், நீங்கள் ஓர் எழுத்துகூட எழுதுவதற்கு முன், திறந்த அந்தக் கணமே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நூல் கிடங்கின் இருப்புக் கணக்கை நானே இப்படி அழித்திருக்கிறேன். படிக்கும் கோப்பின் பெயரையும் எழுதும் கோப்பின் பெயரையும் ஒன்றாகவே கொடுத்திருந்தேன். அன்று மாலை முழுவதும் சிப்பம் சிப்பமாக எண்ணி, சீட்டுகளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம். உடன் எண்ணியவர் என்னை ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பது இன்னும் மனத்தில் நிற்கிறது.

விடையை எப்போதும் வேறு பெயரில் எழுதுங்கள். இருப்பதன் அடியில் சேர்க்க வேண்டுமானால் ஏ முறை இருக்கிறது. எக்ஸ் முறையில் திறந்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கும்போது பைத்தான் மறுத்துவிடும். புதியவர்களுக்கு நான் அதையே பரிந்துரைக்கிறேன். வித் கட்டளைக்குள் திறப்பதையும் பழகுங்கள். கோப்பை மூட மறந்து, எழுதியது பாதி வட்டுக்குப் போய்ச் சேராமல் நிற்கும் தொல்லை அதனால் நீங்கும்.

ஒரு பத்திக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் எப்படிப் பிரிப்பது?

ஈரோட்டு மஞ்சள் விலையை வைத்து ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். விரலி, கிழங்கு என்று வகையை எழுதி, பக்கத்தில் குவிண்டால் விலையை 14,500 என்ற பாணியில் எழுதியிருந்த கோப்பு அது. ஸ்பிளிட் கொண்டு பிரித்தவர்களுக்கு விலை 14 ரூபாய் என்று வந்தது. அந்த விலைக்கு மஞ்சள் விற்றால் மண்டிப் பக்கம் ஒருவரும் தலைகாட்ட மாட்டார்கள். இத்தகைய மதிப்புகள் இரட்டை மேற்கோளுக்குள் இருந்தால், சிஎஸ்வி கூறுநிரலின் ரீடர் சரியாகப் பிரித்துத் தரும்; பிறகு ரீப்ளேஸ் கொண்டு காற்புள்ளியை நீக்கி எண்ணாக்கலாம். மேற்கோள் இல்லாமல் இருந்தால் எந்த நிரலாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கோப்பைத் தந்தவரிடம்தான் திருப்பிக் கேட்க வேண்டும்.

ஒரு கோப்பை இரண்டாவது முறை படித்தால் ஒன்றும் வரவில்லையே?

முதல் முறையிலேயே படிக்கும் இடம் கோப்பின் கடைசிக்குப் போய்விட்டது. சீக் செயற்கூற்றுக்குப் பூஜ்யம் கொடுத்து முன்னுக்குக் கொண்டுவாருங்கள், அல்லது மறுபடி திறங்கள்.

முழு விடையையும் எழுதித் தர மாட்டீர்களா? சாட்ஜிபிடியிடம் கேட்டால் தருகிறதே?

பள்ளி, கல்லூரி ஒப்படைப்பாக இருந்தால் எழுதித் தர மாட்டேன். தடை எங்கே என்று மட்டும் காட்டுவேன். வேலைக்கான நிரலாக இருந்தால் சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம்.

இயந்திரத்திடம் கேட்பதை நான் தடுப்பதில்லை. ஆனால் "பால் கணக்கைக் கூட்டும் நிரல் வேண்டும்" என்று மட்டும் கேட்டால், அது தன் மனத்தில் ஓர் ஒழுங்கான கோப்பைக் கற்பனை செய்துகொண்டு, அதற்கு ஒழுங்கான நிரலைத் தரும். 07, 7 குழப்பமும் கடைசி வெற்று வரியும் பிஓஎம் குறியும் உங்கள் கோப்பில்தான் இருக்கின்றன. அதன் கற்பனையில் இல்லை. மனிதரிடம் கேட்டாலும் இயந்திரத்திடம் கேட்டாலும் கோப்பின் வரிகளை ரெப்பர் செய்து காட்டித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு நேரம் முயன்ற பிறகு உதவி கேட்கலாம்?

அரை மணி நேரம் என்பது என் கணக்கு. அதற்குள் கேட்டால் நீங்களே கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒன்றை இழக்கிறீர்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் நிரலை இருபது இடத்தில் மாற்றி, முதலில் என்ன தவறு இருந்தது என்பதே தெரியாத நிலையில் வருகிறீர்கள். கேட்பதற்கு முன் வீட்டில் யாரிடமாவது நிரலை வரிவரியாக வாய்விட்டு விளக்கிப் பாருங்கள். கேட்பவருக்குப் பைத்தான் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாணவர் தறிக்குழியில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, "அந்தக் கடைசி வரியில ஒண்ணுமே இல்லையே கண்ணு, அதை எதுக்குப் படிக்கிறே?" என்று பாட்டி கேட்டதில் விடை கிடைத்துவிட்டதாகச் சொன்னார்.

நிரல் இப்போது சரியாக ஓடுகிறது, ஆனால் எதனால் சரியானது என்று தெரியவில்லை. விட்டுவிடலாமா?

விட வேண்டாம். செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பழைய நிலைக்கு மாற்றி, எந்த மாற்றத்தை நீக்கினால் தவறு மறுபடி வருகிறது என்று பாருங்கள். ஃப்ளோட் என்ற சொல்லை எடுத்த உடனே 12ஆம் எண்ணுக்கு மறுபடி 87.5 வந்தால் காரணம் அதுதான். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பதற்றத்தில் சேர்த்த மற்ற வரிகளை அழித்துவிடுங்கள். பிறகு என்ன மாற்றினீர்கள் என்று எனக்கும் ஒரு வரி அனுப்புங்கள்; அடுத்த ஞாயிறு இதே கேள்வியுடன் இன்னொருவர் வருவார்.